வேறு மேசையில் வைத்த முகங்கள்

என்னைத் தெருவில் கண்டால் சட்டைப் பொத்தானைப் பூட்டிக்கொள்கிற ஆட்கள் மானிப்பாயில் இன்னும் இருக்கிறார்கள். பகிடிக்குத்தான். "உப்பிடி உத்துப் பாக்காதேங்கோ அண்ணை, எனக்கு இன்னும் காலம் கிடக்கு" என்று தேத்தண்ணீர்க் கடையில் ஒருவர் சொல்ல, மற்றவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரித்துவிட்டுப் போவேன். நான் பார்த்த வேலை அப்படி. யாழ்ப்பாணத்து நாளிதழ் ஒன்றில் மரண அறிவித்தல் பக்கத்துக்குப் படம் திருத்திக் கொடுத்தவன் நான். எங்கள் சனம் பேப்பரைப் பின்பக்கத்திலிருந்துதான் வாசிக்கும். ஆர் செத்தது என்று பார்த்த பிறகுதான் ஆர் ஆள்கிறான் என்று பார்க்கும்.

போன கிழமை அந்தப் பகுதியில் இப்போது வேலை செய்கிற பிள்ளை ஒருத்தி தொலைபேசி எடுத்தாள். "அண்ணை, இப்ப செத்தவரைச் சிரிக்க வைக்கலாம், தலையாட்ட வைக்கலாம், ரெண்டு வசனம் கதைக்கவும் வைக்கலாம். கொம்பியூட்டரே எல்லாம் செய்யுது. உங்கடை காலத்திலை என்னெண்டு செய்தனீங்கள்? எழுதித் தாங்கோவன், போடுவம்" என்றாள். எனக்கு முதலில் பத்திக்கொண்டு வந்தது. செத்தவரை எதற்கு அம்மா சிரிக்க வைக்க வேண்டும்? அவருக்கு என்ன சிரிப்பு வேண்டிக் கிடக்கிறது? பிறகு ஆறி இருந்து யோசித்தேன். எழுதத்தான் வேண்டும், ஆனால் தூரிகை பிடித்த கதையை அல்ல என்று பட்டது.

தொழில் பழகிய கதை பெரிதாக ஒன்றும் இல்லை. நெல்லியடியில் ஒரு ஸ்டூடியோவில் சேர்ந்தேன். நெகற்றிவில் பென்சிலால் தழும்பு மறைப்பது, தலைமயிருக்குக் கறுப்பு ஏற்றுவது எல்லாம் அங்கே கை வந்தது. முதலாளியின் கல்யாணக் கோட்டை மட்டும் தனியாகப் படம் எடுத்து வைத்திருந்தோம், தலை இல்லாமல். வாழ்நாளில் சால்வைக்கு மேல் ஒன்றும் போடாத தோட்டக்காரர் செத்தாலும், பிள்ளைகள் வந்து "அப்பாவுக்குக் கோட்டுப் போட்டுத் தாங்கோ" என்றுதான் கேட்பார்கள். அந்த ஒரே கோட்டுக்குள் வடமராட்சியின் பாதிக் கிழவர்களை நான் இறக்கியிருக்கிறேன். பிறகு பத்திரிகைக்கு வந்தபோது கோட்டின் படத்தையும் கொண்டுதான் வந்தேன்.

அங்கே என் மேலதிகாரி பரராசசிங்கம் ஐயா. எல்லாருக்கும் பரா ஐயா. ஒல்லியான மனிதர். எழுபது தாண்டியும் கதிரையை விடவில்லை என்று நிருவாகம் முணுமுணுக்கும், ஆனால் அவரை எழுப்புகிற தைரியம் அவர்களுக்கும் இல்லை. சத்தம் போட்டுக் கதைக்க மாட்டார். மரண அறிவித்தலோடு ஆர் வந்தாலும் எழும்பி நிற்பார். வந்தவர் முன்னால் முழுவதையும் வாய்விட்டு வாசிப்பார். வாசித்து முடித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "ஆர் பாத்தது?"

உடலைக் கண்ணால் கண்டவரின் பெயர் சொல்ல வேண்டும். பிறகு அந்த ஊர்க் கிராம அலுவலர் விதானையாருக்குத் தொலைபேசி எடுத்து, ஆள் செத்தது மெய்தான் என்று உறுதிப்படுத்துவார். அதன் பிறகே படம் என் கைக்கு வரும். ஊர் உலகத்தில் இல்லாத பழக்கம் இது என்று விளம்பரப் பகுதியினர் தலையில் அடித்துக்கொள்வார்கள்.

பழக்கம் வந்த விதம் இதுதான். காணிச் சண்டையில் ஒரு குடும்பம் தங்கள் பெரியப்பாவை உயிரோடேயே அறிவித்தலில் போட்டுவிட்டது. நாங்களும் நம்பிப் போட்டுவிட்டோம். அடுத்த நாள் காலை அந்த மனிதர் பேப்பரைக் கமக்கட்டுக்குள் வைத்துக்கொண்டு சைக்கிளில் வந்து இறங்கினார். திருத்தம் போட்டோம், மன்னிப்புக் கேட்டோம். திருத்தத்தை ஆர் வாசிக்கிறார்கள்? ஊரில் அவரைக் கண்டால் பெண்கள் பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டார்களாம். சங்கக் கடை வரிசையில் அவருக்கு முன்னால் நின்றவர்கள் விலகி வழிவிட்டார்களாம். கொஞ்ச நாளில் அவரே வெளிக்கிடுவதை விட்டுவிட்டார். அந்த மாரி முடிய முதல் மெய்யாகவே செத்துப் போனார். அதே படத்தைத்தான் திரும்பவும் போட்டோம். அன்றைக்குப் பரா ஐயா ஒன்றும் சாப்பிடவில்லை.

என் வேலைக்கும் ஐயா ஒரு சட்டம் வைத்திருந்தார். கண்ணில் கை வைக்கக் கூடாது. "கோட்டுப் போடும், நரையை மறையும், பல்லைக் கட்டும். எல்லாம் எங்கடை வேலை. கண் அவருக்குச் சொந்தம்" என்பார். மூடின கண்ணைத் திறந்து கீறித் தரச் சொல்லி எத்தனையோ பேர் கெஞ்சியிருக்கிறார்கள். நான் செய்ததில்லை.

யுத்த காலத்தைப் பற்றி அதிகம் எழுத எனக்கு மனமில்லை. அறிவித்தல் பக்கம் இரண்டானது, நாலானது. பிறகு யுத்தம் முடிந்தது. அதற்குப் பிறகுதான் செத்தவர்கள் என்றும் இல்லாமல், இருக்கிறவர்கள் என்றும் இல்லாமல் ஒரு கூட்டம் முகங்கள் எங்கள் வாசலுக்கு வரத் தொடங்கின.

திரேசக்காவை அப்படித்தான் எனக்குத் தெரியும். ஊர் கொழும்புத்துறை. கணவர் கடலில் களங்கண்டி கட்டி மீன் பிடித்து வாழ்ந்து காலமானவர். ஒரே மகன் அன்ரன். யுத்த காலத்தில் தாயும் மகனும் பஸ்ஸில் வந்தபோது இராணுவச் சோதனைச் சாவடியில் அவனை மட்டும் இறக்கி நிறுத்திவிட்டு, பஸ்ஸை எடுக்கச் சொன்னார்கள். திரேசக்கா பின்கண்ணாடியால் பார்த்துக்கொண்டே போனவர். அவ்வளவுதான். முகாம், சிறை, ஆணைக்குழு என்று அலைந்து அலைந்து, கடைசியில் காணாமற்போன பிள்ளைகளைக் கேட்டுப் போராடிய மற்றத் தாய்மாரோடு வீதியோரக் கொட்டில் ஒன்றில் மகனின் படத்தோடு குந்தினார்.

முதல் நாள் அவர் எங்களிடம் வந்தபோது பரா ஐயா பழக்கதோசத்தில் எழும்பி நின்று, "ஆர் பாத்தது?" என்று கேட்டுவிட்டார்.

"ஒருத்தரும் பாக்கேல்லை ஐயா. அதுதான் வந்தனான்" என்றார் திரேசக்கா.

மகனுக்குப் பிறந்தநாள் வாழ்த்துப் போட வேண்டுமாம். அஞ்சலி இல்லை, வாழ்த்து. என்னுடைய கதிரைக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டார். எங்கள் அச்சில் படத்துக்குக் கீழே இடப்பக்கம் 'மலர்வு', வலப்பக்கம் 'உதிர்வு' என்று தானாக வந்து விழும். நான் திகதியை அடிக்க, வலப்பக்கத்துச் சொல் வெறும் இடத்தோடு கண் முன்னால் நின்றது. திரேசக்கா என் கையை எட்டிப் பிடித்தார்.

"அதை எடும் தம்பி. உம்மடை மிசினிலை செத்த ஆக்களைத்தானே செய்யிறது? என்ரை பிள்ளையை உதிலை ஏத்தாதையும். பேப்பரிலை செத்தவன் செத்தவன்தான். நாளைக்கு உதைக் காட்டித்தான் எனக்கு மரணச் சேட்டிபிக்கற் தருவாங்கள்."

அது வெறும் பயம் இல்லை. கொட்டிலுக்கு அதிகாரிகள் வந்து, மரணச் சான்றிதழை வாங்குங்கள், காசு தருகிறோம், இத்தோடு முடியட்டும் என்று கேட்டுக்கொண்டிருந்த காலம். ஒரு தாய் சரி என்றாலும் மற்றவர்களின் கதை அடிபட்டுப் போகும். பரா ஐயா அடுத்த நாளே நிருவாகத்தோடு சண்டை பிடித்து ஜன்னலோரம் வேறு மேசை, வேறு கொம்பியூட்டர் போடுவித்தார். காணாமற்போனவர்களின் படங்கள் அதில் மட்டும். கறுப்புக் கரை இல்லை, விளக்கு இல்லை, சிலுவை இல்லை. செத்தவர்களைச் செய்துவிட்டு நான் அந்த மேசைக்குப் போக முதல் கை கழுவுவேன். ஆரும் சொல்லவில்லை, நானாகவே செய்தேன். வருசா வருசம் திரேசக்கா வருவார், பின்னால் நிற்பார், அன்ரன் இருபது வயதுச் சிரிப்போடு அச்சுக்குப் போவான்.

வருசங்கள் போகப் போகக் கொட்டிலை ஆரும் பார்ப்பதில்லை. தேர்தல் நேரம் கட்சிக்காரர் வந்து படம் எடுத்துக்கொண்டு போவார்கள். எங்கள் நிருபர்களே, "அதே ஆக்கள், அதே படம், என்னத்தை எழுதுறது?" என்று சலித்துக்கொண்டார்கள். தாய்மாரில் சிலர் செத்தும் போனார்கள். அவர்களின் படங்கள் மட்டும் மறுபக்கத்து மேசைக்கு வந்தன.

அந்த நேரம் கனடாவிலிருந்து நிரோசன் என்றொரு பிள்ளை வந்தான். நல்ல பிள்ளை, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவனுடைய மாமாவும் காணாமற்போனவர். கொட்டிலில் இருந்த படங்களை எல்லாம் கொம்பியூட்டரில் ஏற்றி, இன்றைக்கு அவர்கள் எந்த வயதில் இருப்பார்களோ அந்த வயதுக்கு முகத்தை வளர்த்துத் தந்தான். "அங்கிள், இருபது வயசுப் படத்தை வைச்சு நாப்பது வயசு ஆளை எப்பிடித் தேடுறது? உலகம் திரும்பிப் பாக்கும், பாருங்கோ" என்றான். நிருவாகம் துள்ளிக் குதித்தது. முன்பக்கம் முழுவதும் அந்த முகங்கள்.

பக்கத்தை அடுக்கினவன் நான். ஒவ்வொன்றாகப் பார்க்கும்போது ஒன்றும் தெரியவில்லை. நரைத்த காதோரம், கன்னத்தில் சதை, எல்லாம் உயிரோடு இருக்கிற மனிதர்கள். எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததும்தான் தெரிந்தது. பெயர் வேறு, ஊர் வேறு, நிறம் வேறு. கண் ஒன்று. எல்லா முகத்திலிருந்தும் ஒரே ஆள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். பழைய படங்கள் அடையாள அட்டையிலிருந்து பிரதி எடுத்து மங்கிப்போனவை. கண் இருந்த இடத்தில் வெறும் நிழல்தான் இருந்தது. இல்லாததை மிசின் தன்பாட்டில் நிரப்பியிருந்தது.

பரா ஐயாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் எழும்பி வந்து நின்று, ஒவ்வொரு பெயராக வாய்விட்டு வாசித்தார். பிறகு தன் கதிரைக்குப் போய், ஒவ்வொரு வீட்டுக்கும் தொலைபேசி எடுத்தார். நிரோசன் காட்டிய படத்தைப் பார்த்தீர்களா, இது உங்கள் பிள்ளைதானா என்று கேட்டார். நான் பக்கத்தில் நின்றேன். எல்லா வீட்டிலிருந்தும் ஒரே பதில் வந்தது.

"ஓம் ஐயா, அவன்தான்."

திரேசக்காவும் அதைத்தான் சொன்னார். அவர் குரலில் அப்படி ஒரு சந்தோசத்தை நான் முதல் கேட்டதில்லை. "தகப்பன் மாதிரியே வந்திட்டான், ஐயா" என்றார். பரா ஐயா தொலைபேசியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "தாயே சொல்லுது. நாங்கள் ஆர் இல்லையெண்டு சொல்ல?" என்றார். பக்கம் அச்சுக்குப் போனது.

நிரோசன் சொன்னது பலித்தது. வெளிநாட்டுத் தொலைக்காட்சிகள் வந்தன. தூதரகக்காரர்கள் கொட்டிலில் பாயில் இருந்து தேத்தண்ணீர் குடித்தார்கள். பத்து வருசமாக அந்தப் பக்கம் எட்டிப் பாராத அரசியல்வாதிகள் முகங்களின் பதாகைக்கு முன்னால் நெருக்குப்பட்டார்கள். தாய்மார் தலை நிமிர்ந்து இருந்தார்கள்.

பிறகு எங்கள் அலுவலகத் தொலைபேசி அடிக்கத் தொடங்கியது. வவுனியா ஆஸ்பத்திரியில் கண்டோம். கொழும்பில் ஒரு கடை வாசலில் கண்டோம். பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இருந்தார், இறங்கிவிட்டார். ஆரைக் கண்டீர்கள் என்று கேட்டால் ஒருவர் அன்ரன் என்பார், இன்னொருவர் வேறு பெயர் சொல்வார். எனக்கு மட்டும் தெரியும், எல்லாரும் கண்டது அந்த ஒரே ஆளை. சொன்னால் விசர் என்பார்கள். மானிப்பாய்ச் சந்தியில் சைக்கிளில் வரும்போது எனக்கே இரண்டு தரம் அந்தக் கண்கள் தெரிந்தன. நான் பிறேக் பிடிக்க, அது ஆரோ மரக்கறிக்காரர்.

ஒரு பின்னேரம் இளைஞர்கள் சிலர் ஓட்டோவில் ஒரு மனிதனைக் கொட்டிலுக்குக் கொண்டுவந்து இறக்கினார்கள். பஸ் நிலையத்தில் பிடித்தார்களாம். இளைஞர்களின் கை நிறையக் கைபேசிகள், எல்லாம் அவன் முகத்துக்கு நேரே. எங்கள் நிருபரோடு நானும் போயிருந்தேன். பிடித்து வந்தவனுக்கு நாப்பது வயதிருக்கும், துணி மூட்டையைத் தோளில் இருந்து இறக்காமல் நின்றான். அதே கண்.

பாயிலிருந்து மூன்று தாய்மார் எழும்பினார்கள். மூன்று பேரும் தங்கள் பிள்ளையின் பெயரைச் சொல்லிக்கொண்டு போனார்கள். திரேசக்கா அவர்களில் ஒருவர். மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அந்தப் பார்வையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

"நான் மாத்தளைங்கம்மா. சேலை விக்க வந்தேன். எங்கம்மா வீட்ல இருக்காங்க, வேணும்னா போன் போட்டுத் தர்றேன்" என்றான் அவன். அழுதுவிடுவான் போல இருந்தது. திரேசக்கா அவனுடைய நாடியைப் பிடித்து நிமிர்த்திக் கனநேரம் பார்த்தார். பிறகு, "பிள்ளைக்குப் பசிக்கும், ஏதேன் குடுத்து அனுப்புங்கோ" என்று சொல்லிவிட்டுப் போய்ப் பாயில் இருந்தார்.

அந்த வீடியோ அன்றைக்கே எங்கும் ஓடியது. தெற்கில் ஒரு தொலைக்காட்சி அதை எடுத்து, முகங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டியது. நான் முன்பே பார்த்ததைத்தான் அவர்களும் கண்டுபிடித்திருந்தார்கள். ஒருவனுக்கு மூன்று தாய்மார் உரிமை கோருகிறார்கள், பிள்ளைகளே இல்லை, எல்லாம் கொம்பியூட்டர் பிள்ளைகள் என்றார்கள். பாயில் இருந்து தேத்தண்ணீர் குடித்தவர்கள் வருவதை நிறுத்தினார்கள். நிரோசன் என்னிடம் வந்து, "நான் நல்லதுக்குத்தானே செய்தனான், அங்கிள்" என்று அழுதான். பாவம், அவனுக்கு என்ன சொல்ல? அதிகாரிகள் மட்டும் மரணச் சான்றிதழ் விண்ணப்பங்களோடு திரும்பவும் வந்தார்கள். இரண்டு தாய்மார் கையெழுத்து வைத்துவிட்டார்கள்.

அன்ரனின் பிறந்தநாளுக்கு முதல் கிழமை திரேசக்கா வந்தார். நான் அவன் பழைய படத்தை எடுத்து வைத்தேன். அவர் அதைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"தம்பி, எனக்கு இவன்ரை முகம் வருகுதில்லை. கண்ணை மூடினா பேப்பரிலை வந்த மற்றவன்தான் வாறான். படத்தைப் பாத்தாலும் மற்றவன்தான் தெரியிறான். பெத்த பிள்ளையின்ரை முகத்தைத் துலைச்சிட்டன்."

பரா ஐயா எழும்பி வந்து பக்கத்தில் நின்றார்.

"ஐயா, இந்த முறை என்ரை படத்தைப் போடுங்கோ" என்றார் திரேசக்கா. "நான் அவனைத் தேடி இனிக் கண்டுபிடிக்க மாட்டன். என்னைப் பாத்தா அவனுக்குத் தெரியும்தானே? அவன் என்னைத் தேடட்டும்."

ஜன்னலோர மேசையில் ஓர் உயிருள்ள மனுசியின் முகத்தை நான் செய்தது அன்றைக்குத்தான். நிருபரின் கமராவால் நானே எடுத்தேன். நரையை மறைக்கவில்லை, கன்னத்துக் குழியை நிரப்பவில்லை. கீழே அவர் சொன்னதை அப்படியே அடித்தேன்: 'அன்ரன், அம்மா இப்ப இப்பிடித்தான் இருக்கிறன். வீடு அதே வீடுதான்.' படம் பேப்பரில் வந்த அன்று கனபேர் அதை மரண அறிவித்தல் என்று நினைத்து அவர் வீட்டுக்குப் போனார்களாம். திரேசக்கா படலையில் நின்று எல்லாரையும் வரவேற்றாராம்.

இரண்டு நாள் கழித்து, மத்தியானம், எங்கள் பகுதித் தொலைபேசி அடித்தது. நான்தான் எடுத்தேன். தூரத்தில் வாகனச் சத்தம் போல ஏதோ. பிறகு ஓர் ஆம்பிளைக் குரல், அவசரமில்லாமல்:

"அம்மா நல்லா மெலிஞ்சு போனா."

நான் "ஹலோ" என்று சொல்லவும் இல்லை. ஆர் என்று கேட்கவும் இல்லை. அந்தப் பக்கம் மூச்சு விடுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது, நான் ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்தது போல. பிறகு வைத்துவிட்டார்கள்.

பரா ஐயா வந்த இலக்கத்துக்கு எடுத்துப் பார்த்தார். பாவனையில் இல்லை என்றது. எத்தனையோ விசர் அழைப்புகள் வந்த தொலைபேசி அது. ஆரோ சேட்டை விட்டிருக்கலாம். அந்தப் படத்தைப் பார்த்த எவரும் சொல்லக்கூடிய வசனம்தான். ஐயா கதிரையில் இருந்து நெற்றியைத் தடவினார். "போய்ச் சொல்லும். மறைக்க எங்களுக்கு உரிமை இல்லை. ஆனா ஆரெண்டு சொல்லாதையும், எங்களுக்குத் தெரியாது" என்றார்.

வெயிலோடு வெயிலாகச் சைக்கிளை மிதித்துக் கொழும்புத்துறைக்குப் போனேன். திரேசக்கா கிணற்றடியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தார். நடந்ததை நடந்தபடி சொன்னேன். சேட்டையாகவும் இருக்கலாம் என்பதையும் சொன்னேன். அவர் கத்தியைக் கீழே வைக்கவில்லை. யாருடைய குரல், எந்த வயது, எங்கிருந்து என்று ஒன்றும் கேட்கவில்லை.

"அதுக்கு நீர் என்ன சொன்னனீர், தம்பி?"

"ஒண்டும் சொல்லேல்லை அக்கா. எனக்கு வாய் வரேல்லை."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அத்தனை வருசப் பழக்கத்தில் அவர் என்னோடு கோபித்தது அந்த ஒரு தரம்தான்.

"அம்மா நல்லாச் சாப்பிடுறா எண்டாவது சொல்லியிருக்கலாமே. இனி அவன் அதையெல்லோ நினைச்சுக்கொண்டு இருப்பான்."